ஆறாயிரத்து இருபத்தொன்றில் யார்?

கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் அணைத்துப் போடு. அப்போதும் சரிவரவில்லையா, இன்னொரு தடவை அணைத்துப் போடு. நான் இந்தக் கட்சி. எங்கள் தொழிற்சாலைக்கு வந்த கம்ப்யூட்டர் மேடம் நேர் எதிர்க்கட்சி. உள்ளே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராக விசாரிக்காமல் அவர் விரல் பொத்தானில் படாது. லைன் நிற்கும், லாரி நிற்கும், மேனேஜர் போன் மேல் போன் போடுவார். அவர் பாட்டுக்குக் கறுப்புத் திரையில் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு நான் வைத்த பட்டப்பெயர் விசாரணைக் கமிஷன். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. வைத்தவன் நான்தான், அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. டிரைவர் பெடலை மிதித்ததும் எண்ணெயை அழுத்தி நான்கு சக்கரங்களுக்கும் அனுப்புகிற உருளை அது. சின்ன சரக்கு வண்டிகளுக்கும் ஆள் ஏற்றுகிற வேன்களுக்கும் போகும். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மொட்டைமாடி அறையில் நாலு பேரோடு படுத்து எழுந்து, ஆபரேட்டராக ஆரம்பித்து ஷிப்ட் இன்சார்ஜ் ஆனவன். அவருக்கு வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு கிராமம். காண்ட்ராக்ட் கம்பெனி ஒன்று எங்களுக்கு அனுப்பிய கம்ப்யூட்டர் ஆள். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. ஸ்டோரில் அவர் அளவுக்கு சேஃப்டி ஷூ இல்லாததால் பெரிய ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு தொம் தொம்மென்று நடப்பார். கழுத்தில் சிலுவை கோத்த மெல்லிய சங்கிலி, தோளில் லேப்டாப் பை, பையின் பக்க அறையில் டிபன் டப்பா. கேன்டீன் சாப்பாட்டைத் தொட மாட்டார். சமைத்தது யாரென்று தெரியாதாம்.

அவருடைய வேலை என்ன என்று ஒருமுறை எரிச்சலோடு கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஒரு கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கில் வாசல்கள் உண்டு. போர்ட் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வெளியிலிருந்து வருகிற செய்தியை வாங்க ஏதாவது ஒரு புரோகிராம் அந்த வாசலில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கும். ஒரு வாசலில் ஒருவருக்குத்தான் இடம். இன்னொருவர் அதே வாசலுக்கு வந்தால், இங்கே ஆள் இருக்கிறது என்று திரையில் சிவப்புப் பெட்டி வந்து நின்றுவிடும். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் திறந்திருக்கிற வாசல்களும், ஒவ்வொன்றிலும் உட்கார்ந்திருப்பவரின் டோக்கன் எண்ணும் வரிசையாக வரும். டோக்கனை வைத்துப் புரோகிராமின் பெயரைப் பிடிக்கலாம். பெயரை வைத்து அது எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று பார்க்கலாம். ஊரில் எல்லோரும் அதோடு விட்டுவிடுவார்கள். இவருக்கு அங்கேதான் வேலையே ஆரம்பிக்கும். அதைக் கொண்டுவந்து அங்கே உட்கார வைத்த மனுஷன் யார், எதற்காக வைத்தான்?

அட்டெண்டன்ஸ் கம்ப்யூட்டரில் ஒருநாள் தெரியாத வாசல் ஒன்று திறந்திருந்தது. மெஷின் விற்ற கம்பெனிக்காரன் எவனோ, தன் ஊரிலிருந்தே எட்டிப் பார்த்து ரிப்பேர் செய்யப் போட்டுவிட்டுப் போன புரோகிராம். மூடிவிட்டுப் போகலாமில்லையா? மாட்டார். அந்தக் கம்பெனிக்குப் பதினோரு நாள் போன் செய்தார். அந்த ஆள் வேலையை விட்டுப் புனேயில் மளிகைக் கடை வைத்துவிட்டான் என்று தெரிந்தது. கடைக்குப் போன் போட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அவன் வாயாலேயே "ஆமாம், நான்தான், எடுத்துவிடுங்கள்" என்று வாங்கிய பிறகுதான் அதை எடுத்தார். நாங்கள் கேன்டீனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

கம்பெனி பஸ்ஸிலும் அதே கதைதான். ஒருநாள் பின் சீட்டில் ஒரு பை கிடந்தது. இது யாருது, இது யாருது என்று சீட் சீட்டாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அரைத் தூக்கத்தில் இருந்த ஜனம் பதில் சொல்லவில்லை. டிரைவரிடம் போய் பஸ்ஸை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார். பைக்குள் இருந்தது ஒரு ஈரத் துண்டும் பாதி சாப்பிட்ட எலுமிச்சை சாதமும். முதல் நாள் வெல்டிங்காரர் ஒருவர் மறந்துவிட்டுப் போனது. பத்து நிமிஷம் தாமதமாகப் போய் நாற்பது பேருக்கு லேட் விழுந்தது. ஒரு பயல் அவர் காதில் விழும்படியே திட்டினான். அவர் கோபப்படவில்லை. பை யாருடையது என்று தெரிந்துவிட்டதில் நிம்மதியாக ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டார்.

எனக்கும் அவருக்கும் வாரத்துக்கு ஒரு சண்டை. லைன் கம்ப்யூட்டர் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, உட்கார்ந்திருக்கிற புரோகிராமை ஒரே கட்டளையில் தீர்த்துவிட முடியும். கொல்வது என்றுதான் அந்தத் தொழிலில் சொல்கிறார்கள். கொன்று தொலையுங்கள் மேடம், லாரி நிற்கிறது என்று கத்துவேன். ஒருமுறை அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்.

"ஒரு வரி அடிச்சா செத்துப்பூடும் சார். செத்தப்புறம் அது இன்னா வேல செஞ்சிகினு இருந்துச்சின்னு யாரப் போய் கேப்பீங்க?"

ஒவ்வொரு லைன் கம்ப்யூட்டரின் பக்கவாட்டிலும் ஒரு தாள் ஒட்டியிருப்பார். திறந்திருக்கிற வாசல் எண், புரோகிராம் பெயர், வைத்தவர் பெயர், காரணம். முத்து முத்தான கையெழுத்து. சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்கிற எங்கள் லீக் டெஸ்ட் லைனில் இருந்த தாளில் ஒரு வரி மட்டும் பாதி காலியாக இருந்தது. எண் ஆறாயிரத்து இருபத்தொன்று. பெயர் ஏதோ எஸ்விசி டூ என்று, ஒன்றும் விளங்காத பெயர். வைத்தவர் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. தொழிற்சாலை ஆரம்பித்த காலத்தில் சோதனை பெஞ்சைச் செய்துகொடுத்த கம்பெனி வைத்ததாக இருக்கலாம். அந்தக் கம்பெனியை மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. காரணம் என்ற இடத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "லீக் டெஸ்ட் பெஞ்சோடு பேசுகிறது. என்ன பேசுகிறது என்று தெரியவில்லை. விசாரிக்கிறேன். அதுவரை தொடாதீர்கள்." அந்தத் தாளுக்குப் பக்கத்தில் நின்றுதான் நான் தினமும் டீ குடித்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு, வழக்கம்போல, எல்லா மெஷினையும் அணைத்துத் துடைத்து, மானிட்டர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டோம். வருஷத்தில் அந்த ஒருநாள்தான் எங்கள் லைன் கம்ப்யூட்டர்கள் முழுநாளும் அணைந்து கிடக்கும். மறுநாள் விஜயதசமி. வண்டிக் கம்பெனி புதிதாக ஒரு ஸ்கேனர் புரோகிராம் கொடுத்திருந்தது. அதை நல்ல நாளில் ஆரம்பிக்க வேண்டும், அதில் ஸ்கேன் செய்த முதல் பெட்டி விஜயதசமி காலையில் கேட்டைத் தாண்ட வேண்டும் என்பது எங்கள் பிளான்ட் ஹெட்டின் ஆசை. ஏழு மணிக்குப் பூசணிக்காயும் கற்பூரத் தட்டுமாக லாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஸ்கேனர் புரோகிராமைத் திறந்தேன். சிவப்புப் பெட்டி. வாசல் ஆறாயிரத்து இருபத்தொன்றில் ஆள் இருக்கிறது.

அவருக்கு அன்று லீவு. பெண்ணுக்குக் காய்ச்சல். வீட்டுக்குப் போன் போட்டேன். ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். டோக்கன் எண் வந்தது, அதை வைத்துப் பெயர் வந்தது. எஸ்விசி டூ. பெயரைக் கேட்டதும் அவர் குரல் மாறிவிட்டது. "சார், அத்த தொடாதீங்க. பக்கத்து வூட்ல பாப்பாவ வுட்டுட்டு நான் வந்துகினு கீறேன். முக்கா மணி நேரம் குடுங்க," என்றார். சரி மேடம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

வைத்த கையோடு கொன்றேன்.

பிளான்ட் ஹெட் கையில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பொறுங்கள் சார் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. என்னை நிரந்தரமாக்குகிற கடிதம் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. என் மனைவிக்கு அது ஏழாம் மாதம். இதெல்லாம் காரணங்கள்தான், நியாயம் இல்லை. ஸ்கேனர் ஓடியது, பூசணிக்காய் உடைந்தது, கைதட்டினார்கள். லாரி போனபிறகு அந்தச் சிவப்பு மைத் தாள் கண்ணில் பட்டது. அவர் பஸ் இறங்குவதற்குள் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். எஸ்விசி டூ தானாக எழுந்து தன் வாசலில் உட்கார்ந்துகொண்டது. கொன்றது ஏழு பத்துக்கு, திரும்ப எழுந்தது ஏழு ஐம்பதுக்கு. அந்த நாற்பது நிமிஷத்தில் லைனில் வந்த பீஸ்களில் தேதியோடு பொறித்த வரிசை எண் தொண்ணூற்றொன்றிலிருந்து நூற்று முப்பத்தெட்டு வரை. ஏன் பார்த்து வைத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

அவர் ஓட்டமும் நடையுமாக வந்து பார்த்தார். எல்லாம் இடத்தில் இருந்தது. அணைத்துப் போட்டேன், சரியாகிவிட்டது என்றேன். அவர் என்னையே பார்த்தார். ஸ்கேனரை வேறு வாசலுக்கு மாற்றி வைத்துவிட்டு, போவதற்கு முன் லைன் லாகினுக்கு இருந்த கொல்கிற அதிகாரத்தையும் எடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஸ்கேனர் கம்பெனி ஏதோ அப்டேட் அனுப்ப, அது மறுபடியும் பழைய வாசலுக்கே வந்து முட்டியது. அவருக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம் எனக்கு வந்திருந்தது. எப்போதோ ஓர் அவசரத்தில் அவர் என்னை நம்பிப் போனில் சொன்ன பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தது. அவர் லாகினில் நுழைந்து கொன்றேன். அன்று திரும்ப எழுப்பவும் இல்லை. ஷிப்ட் முழுக்க லைன் ஜோராக ஓடியது.

மதியம் இரண்டு மணிக்கு அவர் வந்தார். பையைக்கூட இறக்கவில்லை, தாளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஆறாயிரத்து இருபத்தொன்றில் வேறு ஆள். எதையும் நிறுத்தத் தயங்குகிற அந்த மனுஷி, தொம் தொம்மென்று ஓடிவந்து கன்வேயரின் சிவப்பு எமர்ஜென்ஸி பொத்தானை உள்ளங்கையால் அடித்தார். மொத்த லைனும் நின்றது. பெஞ்சைச் சோதிப்பதற்கென்றே ஓட்டை போட்டு, சிவப்பு பெயின்ட் அடித்து வைத்திருந்த பீஸ் ஒன்று உண்டு. அதை எடுத்து பெஞ்சில் மாட்டினார். காற்று புஸ்ஸென்று போவது காதில் கேட்டது. பக்கத்திலிருந்த பிரிண்டர் அமைதியாக ஒரு லேபிளைத் துப்பியது. ஓகே என்று இருந்தது.

எஸ்விசி டூ செய்துகொண்டிருந்த வேலை அதுதான். பெஞ்ச் அனுப்புகிற அளவைப் படித்து, கசிகிற பீஸாக இருந்தால் மட்டும் பிரிண்டரைத் தடுக்கும். தடுக்க ஆள் இல்லையென்றால் எல்லாமே ஓகே. ஆபரேட்டர்கள் பார்ப்பது லேபிளை மட்டும்தான். லேபிள் வந்தால் பெட்டி, வராவிட்டால் சிவப்புத் தொட்டி.

அன்றைய ஷிப்ட் பெட்டிகளைத் திரும்ப வரவழைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். நான்கு பீஸ் கசிந்தது. ஏழு பீஸ் மட்டும் அதற்குள் வண்டிகளில் ஏறிப் போயிருந்தது. எண் தெரிந்தும் அவற்றைத் தேட யாரும் மெனக்கெடவில்லை. விசாரணை நடந்தது. நிஜமான விசாரணைக் கமிஷன். கண்ணாடி அறையில் குவாலிட்டி மேனேஜர் அவரைக் கேட்டார், நானும் உட்கார்ந்திருந்தேன். உன் லாகின்தானே? என் லாகின்தான் சார். நீதான் கொன்றாயா? நான் ஷிப்டிலேயே இல்லை சார். அப்படியென்றால் யார்? அவருக்குத் தெரியும். அந்தப் பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் நான். ஆனால் கண்ணால் பார்க்காததை அவர் எந்தத் தாளிலும் எழுதியதில்லை. "நான் பாக்கல சார்," என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. பாஸ்வேர்டைக் காக்காதது அவர் தப்பு என்று முடிவானது. சாயங்காலமே காண்ட்ராக்ட் கம்பெனி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டது. பஸ் நிற்கிற இடத்தில் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமென்று போனேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், ஒரு அறை விட்டிருக்கலாம். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நேத்து நீங்கதான்னு தெரியும். அத்த வுடுங்க. மொத நாளு நான் வர்றதுக்குள்ள இன்னா பண்ணீங்க? அன்னிக்கும் கொன்னீங்களா?"

"இல்ல மேடம்."

"ஒரு தடவதானா சார்? நல்லா யோசிச்சி சொல்லுங்க. ரோட்ல ஓடற வண்டி."

"ஒரு தடவதான்," என்றேன்.

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். எனக்கு அந்த மாதமே நிரந்தரக் கடிதம் வந்தது. மகள் பிறந்தாள். நாற்பத்தெட்டு பீஸ் யாருக்கும் தெரியாமல் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் மூன்று வருஷம் நான் சரியாகத் தூங்கியதில்லை என்று சொன்னால் அது பொய். தூங்கினேன், சாப்பிட்டேன், இன்க்ரிமென்ட் வாங்கினேன். ஆனால் வேனில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால்தான் உட்காருவேன். அவர் வலது கால் எப்போது இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே வருவேன். வல்லக்கோட்டைப் பக்கம் சிக்னலில் சின்ன சரக்கு வண்டி எதுவும் எனக்குப் பின்னால் வந்து நின்றால் பைக்கை ஓரம் கட்டிவிடுவேன். மகள் ரோட்டோரம் நடந்தால் கையை அழுத்திப் பிடிப்பேன், அது வலிக்குதுப்பா என்று உதறும். ஒரு கணக்கு மட்டும் ஓயாமல் ஓடும். ஒரு முழு ஷிப்டில் நான்கு என்றால் நாற்பது நிமிஷத்தில் எத்தனை? ஒன்றுகூட இல்லாமல் போகலாம். ஒன்று இருக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் வாழ்ந்தேன்.

போன தை மாதம் மச்சானுடைய வேனைச் சர்வீசுக்கு விட வாலாஜாபாத் போனேன். மெயின் ரோட்டில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். பில் போடுகிற மேஜையில், கம்ப்யூட்டருக்குப் பின்னால், அவர் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் நரை கூடியிருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். காலில் பெரிய ஷூ இல்லை, செருப்பு. வாங்க சார், பாப்பா எப்படி கீது என்று நேற்றுப் பார்த்தவரைப் போலக் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வேன் சாவியை நீட்டினேன்.

மெக்கானிக் ஒருவர் மச்சான் வேனின் பானெட்டைத் தூக்கினார். என்ன ரிப்பேர் என்று கேட்பதற்கு முன்னாலேயே டார்ச் அடித்து, மாஸ்டர் சிலிண்டரில் பொறித்த நம்பரை உரக்கப் படித்தார். இவர் ஒரு நீளமான நோட்டில் எழுதிக்கொண்டார். வண்டி எண், சிலிண்டர் எண், ஓட்டுபவர் பெயர், போன். அக்காவுக்கு இது ஒரு நேர்த்திக்கடன் சார், எந்த வண்டி வந்தாலும் நம்பர் படிக்காமல் விடாது என்று மெக்கானிக் சிரித்தார். நான் நோட்டைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஏழு எண்கள். இரண்டாம் நாள் பெட்டியிலிருந்து தப்பி வண்டியில் ஏறிப் போன ஏழு. நாலில் கோடு போட்டிருந்தது. அந்த நாலு வண்டியும் எப்போதோ இங்கே வந்திருக்கின்றன, சிலிண்டரை மாற்றி அனுப்பியிருக்கிறார். இன்னும் மூணு பாக்கி சார், எங்க ஓடிகினு கீதோ என்றார். மூன்று வருஷமாக ஒரு மனுஷி, தன் வேலையைப் பிடுங்கிய ஏழு பீஸ்களை இந்த மேஜையில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தார். அதுவும் என் பொய்யால் குறைபட்ட பட்டியலை வைத்துக்கொண்டு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மெக்கானிக் அந்தப் பக்கம் போகட்டும் என்று காத்திருந்தேன்.

"ரெண்டு தடவ மேடம்," என்றேன். "மொத நாளும் கொன்னேன்."

அவர் கை நோட்டின் மேல் அப்படியே நின்றது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன். எண் தெரியுமா என்றார். தொண்ணூற்றொன்றிலிருந்து நூற்று முப்பத்தெட்டு வரை என்று ஒரே மூச்சில் சொன்னேன். என் மகள் பிறந்த நேரத்தைக்கூட அவ்வளவு வேகமாகச் சொல்ல மாட்டேன். அவர் அதை முதல் பக்கத்தில் ஏழு எண்களுக்குக் கீழே எழுதினார். பிறகு பின்னாலிருந்து ஒவ்வொரு பக்கமாக, விரலை வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தார். மின்விசிறிக்குப் பக்கங்கள் படபடத்தன. நடுவில் ஒரு பக்கத்தில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நூத்திப் பதினேழு," என்றார். "இந்த வண்டிய கட்டி இழுத்துகினு வந்தாங்க சார்."

கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன். விடியற்காலையில் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போது, வாலாஜாபாத்துக்கு முன்னால் சைக்கிளில் ரோட்டைக் கடந்த ஒரு பெரியவரை இடித்திருக்கிறது. அவர் அங்கேயே போய்விட்டார். பெடல் உள்ளே போய்விட்டது, பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் கதறியிருக்கிறார். நின்ற வண்டியில் மிதித்துப் பார்த்தார்கள், பிடித்தது. ராத்திரியெல்லாம் ஓட்டியவன், தூங்கியிருப்பான் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ரிப்பேருக்கு வண்டி இங்கே வந்தபோது மேடம் நம்பரை எழுதிக்கொண்டிருக்கிறார். ஏழில் அது இல்லை. சரி, நம்முடையது இல்லை என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

"அந்த சிலிண்டரு?" என்று கேட்டேன்.

காயலான் கடைக்குப் போட்டாச்சு என்றார். அதைச் சொன்னபோதுதான் அவர் குரல் உடைந்தது. வேலை போன அன்று அழாதவர், பில் புக்கை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதனாலதான் புடிக்கலன்னு நான் பாக்கல சார். இனிமே பாக்கவும் முடியாது. நம்பரு கீது, அவ்ளோதான் தெரியும்," என்றார்.

ஓடுகிற வண்டிகள் முதலில் என்றார். அவர் எதிரிலேயே என் போனில் குவாலிட்டி மேனேஜருக்கும் வண்டிக் கம்பெனிக்கும் மெயில் எழுதினேன். தேதி, நேரம், நாற்பத்தெட்டு எண்கள், கொன்றது நான்தான் என்பது, அவர் லாகினை எடுத்ததும் நான்தான் என்பது. ஒரு வரியில் நான் மழுப்பியிருந்ததைக் கண்டுபிடித்து மாற்றச் சொன்னார். அனுப்பினேன். அந்த மெயிலோடு என் வேலை போனது. போகட்டும். கைக்குக் கிடைத்த வண்டிகளைக் கூப்பிட்டுச் சிலிண்டர் மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி, நூற்றுப் பதினேழுக்கு நேரே இருந்த போன் நம்பரைக் காட்டினார். டிரைவர் இப்போது வண்டி ஓட்டுவதில்லையாம். ஒரகடத்தில் ஒரு ஹாஸ்டலில் வாட்ச்மேனாம். ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தேன். நாலாவது ரிங்கில் எடுத்தார். என் பெயரைச் சொன்னேன், கம்பெனியைச் சொன்னேன், உங்கள் பழைய வண்டியின் பிரேக்கைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். சோதிக்காத பீஸ் உங்கள் வண்டிக்கு வந்திருக்கிறது, அது கசிந்திருக்கலாம், அதற்குக் காரணம் நான், நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள் அண்ணாச்சி என்று கொட்டிவிட்டேன்.

"இல்ல சார்," என்றார் டிரைவர், மெதுவாக, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல. "பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சி. நான்தான் தூங்கிட்டேன்."

"நீங்க மொதல்ல பெடல் உள்ள போயிட்டுன்னுதான சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"மொதல்ல அப்படித்தான் சொன்னேன். அப்பால யோசிச்சிப் பாத்தேன். எல்லாரும் பொய்யா சொல்வாங்க? தூங்கித்தான் இருக்கணும். அந்தப் பெரியவரு வூட்லயும் போய்ச் சொல்லி கால்ல வுயுந்துட்டேன். வுடுங்க சார். கேட்டாண்ட வண்டி வருது."

போன் கட்டாகிவிட்டது. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒர்க்‌ஷாப்பில் யாரோ எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். மேடம் நோட்டை மூடவில்லை. என் போனை என் பக்கம் நகர்த்தினார்.

"திரும்பப் போடுங்க," என்றார்.

போட்டேன்.